பத்து முதல் பன்னிரண்டரை வரை

மின்சாரம் போனதும்
முப்பத்தாறு தையல் எந்திரங்களும்
ஒரே வாயாய் மூச்சை விட்டன.
பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இன்றைக்கு ஸ்டேஜ் நான்கு.
பத்து முதல் பன்னிரண்டரை வரை
இருட்டுக்குச் சம்பளம் கிடையாது.

எதிர் மேசையில் தோபிலே
குதிகால் கட்டையால் தட்டினாள்:
தக் தக், தகதக், தக்.
தட்டிவிட்டு நிறுத்தினாள்.
அந்த நிறுத்தம் என்னைப் பார்த்தது.

நானும் தட்டினேன்,
தக் தக், தகதக், தக்.
இம்மி பிசகவில்லை.
சனிக்கிழமை வகுப்பில்
ஆங்கில எழுத்தில் அச்சடித்த தேவாரத்தை
அச்சு மாறாமல் பாடிக்
கோப்பை வாங்கியவள் நான்.

"கோகி," என்றாள்,
"நான் உப்பு இருக்கிறதா என்றால்
நீயும் உப்பு இருக்கிறதா என்பாயா?"

இருட்டில் யாரோ சிரித்தார்கள்.
கட்டிங் பிரிவு ராம்லக்கனாக இருக்கும்.

மறுபடி தட்டினாள்.
தூக்கிய கை தூக்கிய இடத்திலேயே நின்றது.
"வாலை மட்டும் பிடி,
தலையை விட்டுவிடு."
பிடித்தேன்: தகதக், தக்.
அதற்கு மேல் வழி தெரியவில்லை.
வழி தெரியாத முழங்கை பட்டு
ஆணி டப்பா கவிழ்ந்தது.

இருநூறு ஆணி, சிமெண்டுத் தரை.
எல்லாம் அடங்கிய பிறகும்
ஒன்று மட்டும் உருண்டுகொண்டே இருந்தது.

மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன்.
அதற்குள் அவள்
அந்த ஒற்றை ஆணிக்குப் பதில் சொல்லிவிட்டாள்,
நகத்தால், பசை டின்மேல், கிர்ர்ர்ரென்று.
அதற்கு நான் ஏதோ சொன்னேன்.
என்னவென்று கேட்காதீர்கள்.
இரும்பு அளவுகோல் இருந்தது,
ஜோடி சேராத இடதுகால் ஷூ ஒன்று இருந்தது,
கோப்பை வாங்கிய வாயிலிருந்து
எந்த வகுப்பிலும் இல்லாத ஒரு 'ஹொய்' வந்தது.

பன்னிரண்டேகாலுக்கே
பாழாய்ப்போன கரண்ட் வந்துவிட்டது.
அவள் கேட்டு முடித்திருந்தாள். என் முறை.
எந்திரங்கள் கத்தின.
ஐந்து மணிவரை பதிலை
உள்ளங்கை வியர்க்க வைத்திருந்தேன்.

நார்த்டேல் டாக்சியில் பதினாறு பேர்.
சிக்னலுக்கு எங்கள் ஊரில் ரோபோட் என்று பேர்.
'ரோபோட் தாண்டி!' என்று கத்தினால்
நிறுத்துவார்கள்.
கத்தவில்லை.
தலைக்கு மேலிருந்த தகரத்தில் தட்டினேன்:
தகதக், தக். சற்று விட்டு,
இன்னொரு தக்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தான்.
நிறுத்தவில்லை.
ஹாரனில் இரண்டு வைத்தான்,
நான் நினைத்தே பார்க்காத இடத்தில்.

இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி
மழையில் திரும்பி நடந்தேன்.