பன்னிரண்டு வோல்ட்

பாகலூர் ரோஜாக் கிடங்கு.
விடியுமுன் போன் செய்தாள் நாகவேணி:
"குளிரறையில லைட் போனா போனதுதான்.
ஆள் நடந்தா எரியும்னுதானே மாட்டினீங்க?
கையை ஆட்டுறேன், குதிக்கிறேன்.
எல்லம்மா செல்போன் வெளிச்சத்துல
நூறு கட்டு எண்ணி முடிச்சிட்டா."

ஏணி போட்டு ஏறினேன்.
இரண்டு டிகிரி; ஸ்க்ரூடிரைவர் விரலைக் கடித்தது.
சென்சார் மேல் குற்றமில்லை.
எல்.இ.டி.க்குப் போகும் வயரிலேயே
அதற்கும் சோறு கட்டியிருந்தார்கள்.
ஆளில்லை என்று விளக்கை அணைக்கும்,
அணைத்த நொடியே தானும் பட்டினி.
பிறகு யார் வந்தென்ன,
பார்க்கக் கண் வேண்டுமே.

மலிவு டிரைவர். ஒன்றுக்கு நாற்பது ரூபாய் மிச்சம்.

"அப்ப லைட்டு தூங்குறப்போ
இது முழிச்சிருக்கணும்,
முழிச்சிருக்கறதுக்குத் தனியா குடுக்கணும். அவ்வளவுதானே?"
ஏணியைப் பிடித்தபடி நாகவேணி.

அவ்வளவுதான். பன்னிரண்டு வோல்ட்.
அரை வாட் கூட ஆகாது.

"நைட் ஷிப்டுக்கு டீ நிறுத்தி மூணு மாசம்.
அதையும் உங்க பில்லுல எழுதிக்குங்க."
சிரிக்கவில்லை அவள்.

இருபத்திரண்டு விளக்குக்கும்
டிரைவர் மாற்ற நான்கு நாள்.
கடைசி நாள் எல்லோரையும் வெளியே அனுப்பி
ஏணி உச்சியில் அசையாமல் உட்கார்ந்தேன்.
ஐந்து நிமிடம். இருட்டு.
மூச்சு விடும் புகைகூடத் தெரியவில்லை,
பூவாசம் மட்டும், ஈர அட்டைப்பெட்டி வாசம்.
தலைக்கு மேல் சிவப்பாய் ஒரு புள்ளி
சிமிட்டிக்கொண்டே இருந்தது.

கதவு திறந்தது. செருப்புச் சத்தம்.
முதல் விளக்கு, இரண்டாவது, மூன்றாவது

நாகவேணி கையில்
வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்க்.