நுரையீரலின் மாதம்

சீன வைத்தியப் படத்தில் வருடம் ஐந்தாய்ப் பிரிகிறது.
தெஹிவளையில் படித்து முடித்த அன்று
சான்றிதழோடு சுருட்டித் தந்தார்கள்.
மல்லாவியில், உரக்கடைக்குப் பின்னால்,
என் ஒற்றை அறைச் சுவரில் தொங்குகிறது அது,
கீழ்முனையில் பல்லி முட்டை ஒன்று ஒட்டியபடி.

வசந்தத்துக்கு ஈரல், அதன் சீற்றம்.
கோடைக்கு இதயம்.
கோடை முதிர்ந்தால் மண்ணீரல், ஓயாத யோசனை.
இலை உதிர்கையில் நுரையீரல், துக்கம்.
பனி உறைகையில் சிறுநீரகம், அச்சம்.

இங்கே எந்த மரம் நாள் பார்த்து உதிர்க்கிறது?
பாலை உதிர்க்காது. வீரை உதிர்க்காது.
பனி என்றால், மார்கழி விடியலில்
வவுனிக்குளத்து அணைக்கட்டில்
சைக்கிள் கைப்பிடி ஈரமாவது.
அவ்வளவுதான்.

பென்சிலால் ஓரத்தில் எழுதிப் பார்த்தேன்:
சோளகம், கச்சான், கொண்டல், வாடை.
ஐந்துக்கு நான்கு.
நுரையீரல் மட்டும் காற்றில்லாமல் நின்றது.

கச்சான் மாதங்களில் தலையிடியோடு வருவார்கள்,
கண் எரிவோடு,
வேலிச் சண்டை பிடித்த கை ஆறமுதல்.
ஈரல் என்று கொண்டு
கால் பெருவிரலிடுக்கில் ஊசி வைப்பேன்.
மாரியில் முழங்கால்கள் வரும்,
அவற்றின் பின்னால் சொந்தக்காரர்கள்.
சிறுநீரகம் பழுதானவர்களை நான் தொடுவதில்லை.
வவுனியா பஸ்ஸில் ஏற்றி விடுவேன்.
அச்சம் யன்னலோரம் உட்கார்ந்து போகும்.

பேரின்பம் புரட்டாதிக் கடைசியில் வந்தார்,
வலது விலாவைப் பொத்திக்கொண்டு.
"கொண்டல் திரும்பப் போகுது மிசி.
உள்ளுக்க குளிருது."
வெளியே வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது.

எக்ஸ்றே படத்தை யன்னலில் பிடித்தேன்.
நுரையீரலின் கீழ் மடலில்
நெல்மணியிலும் கொஞ்சம் பெரிதாய், வெள்ளையாய்.
எடுத்தால் ஆபத்து, இருந்தால் பாதகமில்லை
என்றார்களாம் ஆஸ்பத்திரியில்,
பதினைந்து வருஷத்துக்கு முன்.

ஒன்று சொல்ல மறந்தேன்.
படத்தில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு மூலப்பொருள் உண்டு.
ஈரலுக்கு மரம். இதயத்துக்கு நெருப்பு.
நுரையீரலுக்கு உலோகம்.
உலோகம், துக்கம், மூக்கு, வெள்ளை நிறம்
என்று பாடமாக்கி எழுதியவள் நான்.
பத்துக்கு ஒன்பது புள்ளி.

அவரைக் கேட்டுத்தான் புழுதி விதைக்கிறார்கள் அந்தப் பக்கத்தில்.
"என்ன பேரின்பம், உன்ர சாமான் என்ன சொல்லுது?"
மூன்று போகம் சரி.
போன வருஷம் பிழைத்தது.
விதைநெல் காகத்துக்குப் போனது.
ஒரு கிழமை ஒருவரும் அவரோடு கதைக்கவில்லை.
இருமல் தொடங்கியது அப்போதுதான்.

மணிக்கட்டின் ஓரம், பெருவிரலுக்கு மேலே,
மூச்சுக்கான புள்ளி.
"இந்த ஊசியும் இரும்போ?"
"ஓம்."
"அப்ப ரெண்டும் கதைக்கட்டும்" என்று
கண்ணை மூடிக்கொண்டார்.

மற்றக் கையில் நாடி பார்த்தேன்.
இலையுதிர்கால நாடி இறகுபோல் மிதக்கும்
என்கிறது பாடம்.
அவருடையது மிதந்தது.
புரட்டாதிக்காகவா,
இன்னும் முடியாத ஒரு வைகாசிக்காகவா,
விரலுக்குத் தெரியவில்லை.
உரக்கடையில் யூரியா மூட்டைகள்
ஒவ்வொன்றாய் விழுந்துகொண்டிருந்தன,
ஒவ்வொன்றுக்கும் அவர் இமை அசைந்தது.

இருபது நிமிடம். ஊசியை எடுத்தேன்.
சட்டையை மாட்டியவர்
விலாவில் கை வைத்துச் சற்று நின்றார்,
அடுத்த அறையில் யாரோ பேசுவதுபோல.
"ஞாயிறு" என்றார்.
"இல்லாட்டி திங்கள்."

செவ்வாய் பெய்தது.
தகரம் அதிர, பல்லி முட்டை அசையாமல் இருக்க,
காற்றில்லாமல் நின்ற உறுப்புக்கு எதிரே
பென்சிலால் அவர் பெயரை எழுதினேன்.
பக்கத்தில், சின்னதாய்:
ஒரு நாள் பிந்தியது.