உள்ளே

வாசகர் முதலில் திறக்கும் பக்கத்தை
நான் கடைசியில்தான் செய்வேன்.
அறுபத்து நான்கு பக்கமும் உட்கார்ந்த பிறகு
யார் யார் எங்கே என்று
ஆஜர் எடுப்பது மாதிரி.

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கிறது.
ஜன்னலுக்கு வெளியே சரக்கு ரயில்
டேங்கர் டேங்கராகப் போய்க்கொண்டே இருக்கிறது.
என் திரையிலும் அதேதான்.
தலைப்பு எஞ்சின்,
பக்க எண் கார்டு பெட்டி,
நடுவில்
புள்ளி புள்ளி புள்ளி புள்ளி.

'பொருளடக்கம்' என்று போட்டால்
முனாஃப் சாருக்குப் பிடிக்காது,
கோனார் வீட்டுப் பாடநூல் வாசனை அடிக்கிறதாம்.
'உள்ளே' போதும்.
அதன் பக்கத்தில் மூன்று புள்ளி வைப்பதா வேண்டாமா என்று
போன மாதம் ஒரு மணி நேரம் சண்டை.
நான் ஜெயித்தேன். வைக்கவில்லை.

தமிழில் வரிக்கு வரி கஞ்சத்தனம் செல்லாது.
மேல்வரி 'ழு'வின் வால்
கீழ்வரி 'தீ'யின் கொண்டையில் மாட்டிக்கொள்ளும்,
ஹவுசிங் போர்டில்
மேல்வீட்டுப் புடவை
கீழ்வீட்டு டிஷ்ஷில் சிக்குவது போல.
எழுத்து பதினொன்று, வரி உயரம் பதினேழு.
எண்களை வலது ஓரத்தில் ஒரே கோட்டில் நிறுத்துவேன்.
5 மட்டும் தனி இலக்கம்,
ரேஷன் வரிசையில்
கைபிடிக்க ஆளில்லாத பிள்ளை.

சிலர் இந்த ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு
கடையிலேயே திருப்பி வைத்துவிடுவார்கள்.
தண்டையார்பேட்டை டிப்போ எதிரில்
கடை வைத்திருக்கும் அருள்தாஸ்
அவர்கள் எல்லாரையும் முகம் பார்த்து வைத்திருக்கிறார்.

மூன்றரை மணி வரை
36இல் ஜெபசீலி இருந்தாள்.
எண்ணூர்ச் சாம்பல், நான்கு பக்கம்.
'கொடியில் காய்வது எந்த நிறம்?'
தலைப்பு அவளே வைத்தது.
ஒன்பது படம். ஒன்றில்
முகத்துவாரத்தில் இடுப்பளவு நீரில் நிற்பவர்
இரண்டு கையையும் விரித்துக் காட்டுகிறார்.
இறால் இல்லை,
கை மட்டும்.

நாலே காலுக்கு ஃபோன்.
"முப்பத்தாறுலேர்ந்து முப்பத்தொம்போது கலர் விளம்பரம்.
பணம் போட்டுட்டாங்க.
அந்தப் பொண்ணுத அடுத்த மாசம் பாத்துக்கலாம்."
அறை வாடகை மூன்று மாதம் பாக்கி.
என் சம்பளமும் அந்தப் பணத்துக்குள்தான் வருகிறது.
சரி சார் என்றேன்.

ஒரு விசை.
கீழே இருந்த வரிகள்
பஸ்ஸில் சீட் காலியானதும் நகர்வது போல
சட்டென மேலே வந்து உட்கார்ந்தன.
31 சிறுகதை. அதை ஒட்டி
40 குறுக்கெழுத்து.
விளம்பரத்துக்கு இந்தப் பக்கத்தில் இடம் கிடையாது,
எத்தனை லட்சம் கொட்டினாலும்.
இந்தப் பக்கத்துக்கு மிச்சமிருக்கும் மானம்
அது ஒன்றுதான்.

பிறகு என்ன தோன்றியதோ,
40ஐ மறுபடி கீழே இறக்கினேன்.
ஒரு வரி உயரம்.
புள்ளிகூட வைக்காத
பதினேழு பாயிண்ட் வெள்ளை.

ஆறு மணிக்கு முனாஃப் சார்
ப்ரூஃபைக் கைநீட்டித் தூக்கிப் பிடித்தார்,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு.
"இந்தத் தடவை பக்கம் நல்லா மூச்சு விடுதும்மா."
கையெழுத்துப் போட்டார்.

கேட் திறந்தது. அத்தனை ஹாரனும் ஒன்றாக.
அதற்குள்ளிருந்து ஜெபசீலியின் குரல்,
ஃபோனில் கடற்காற்று கரகரக்க.
"அக்கா, அருள்தாஸ் அண்ணன்கிட்ட
இருபது காப்பி சொல்லிட்டேன்.
எங்க தெருவே வாங்குது.
என்னுது எத்தனாம் பக்கம்?"

திரையில் விரல் வைத்து
மேலிருந்து தேடுகிறவள் போல இறங்கினேன்.
5, 9, 14, 22,
31.
அடுத்த ரயிலுக்கு
கேட் மணி அடிக்கத் தொடங்கியது.
"இரும்மா" என்றேன், "சத்தம்."