புகையைப் பார்த்து

மணல் கம்பெனியில் நான் எடைக் குமாஸ்தா.
கரிமணல் சாக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு கிழிப்பேன்.
சீட்டின் பின்பக்கம் கயித்தானுக்கு:
வள்ளியாற்று முகத்தில் எதிர்நீச்சல், மூன்று நிமிஷம்.
காய்ச்சலோடு, மூன்றரை.
மாதா திருநாளுக்கு மறுநாள், சாராய வாடையோடு,
அதே மூன்று.

கடிகாரம் ஜெர்மன் துரையுடையது.
நொடியை ஐந்தாக நறுக்கும்.
அதைத் தொட அவர் விட்டது என்னை மட்டும்;
ஆகவே அது போன இடமெல்லாம் நானும் போனேன்.

முதல் வருஷம், திருவனந்தபுரத்தில்,
எல்லோருக்கும் முன்னால் போய்
சுவரில் முட்டி நின்றான்.
கடியப்பட்டணத்துக்காரனுக்கு
தண்ணிக்குச் சுவர் உண்டென்று யார் சொன்னது?
கையூன்றி, மூக்கைச் சிந்தி, அவன் திரும்புவதற்குள்
மூன்று பேர் கரையேறித் தலை துவட்டினார்கள்.

அடுத்த கோடை முழுக்க
குளச்சல் துறையில் நங்கூரமிட்ட மணல்தோணியின்
விலாவில் உதைத்துத் திரும்பிப் பழகினான்.
தோணிக்காரர் ஏசிய ஏச்சு
எந்தச் சீட்டிலும் அடங்காது.

கொல்லம் ஆயிரத்து நூற்றுப் பதின்மூன்று, தை மாதம்.
நூறு கெஜம்.
கடிகாரங்கள் போதாமல்
என்னையும் நேரம் பார்க்க நிறுத்தினார்கள்.
"துப்பாக்கிப் புகையைப் பார்த்து அமுக்கு,
சத்தத்தைக் கேட்டு அல்ல" என்று
துரை படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.
நான் அவன் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வெடி கேட்டது.
அமுக்கினேன்.

பழைய சாதனையை அவன் முறித்தது
ஐந்தில் ஒரு நொடியால்.
புகைக்கும் சத்தத்துக்கும் நடுவே
குளத்தின் நீளம் கிடந்தது.

வெள்ளிக் கிண்ணம்.
பேப்பரில் பேர், 'கைதான்' என்று.
பம்பாய்க்கு வரச் சொல்லிக் கடிதம்,
வண்டிச் செலவுக்குப் பங்குச் சாமியார் பதினைந்து ரூபாய்.

ஆவணியில் சண்டை என்றார்கள்.
நாங்கள் கேட்டபோது
புகை எங்கோ முன்னமே எழும்பியிருந்தது.
துரையைப் போலீஸ் லாரியில் ஏற்றினார்கள்.
கடிகாரத்தை நீட்டினேன்.
பார்த்தார். வாங்கவில்லை.
பம்பாயிலிருந்து ஒரு வரிக் கார்டு: ஒத்திவைப்பு.

போட்டி இல்லை, ஆகவே சாதனை நின்றது,
ஏழு வருஷம், யாரும் தொடாமல்.
சாமியாருக்குப் பணத்தைத் திருப்ப
கயித்தான் சாக்கு சுமக்க வந்தான்.

ஒருநாள் தராசில் இறக்கிவிட்டுக் கேட்டான்:
"ஓய், அண்ணைக்கு நீரு பிந்தித்தானே அமுக்கினீரு?"
நான் முள்ளைப் பார்த்தேன்.
"செவரை உதைச்சப்பவே தெரியும் எனக்கு.
வேகம் காணாது."

சாக்கு இரண்டு ராத்தல் குறைவு.
சரி என்று எழுதப் போனேன்.
"உள்ளதை எழுதும்" என்றான்.
எழுதினேன்.
அன்றைய கூலியில் அரைச் சக்கரம் பிடித்தார்கள்.