அணைத்த பிறகு

மூன்றாவது தடவையாக வந்து நிற்கிறான் கூத்தங்குழி கஸ்பார்,
வள்ளியூர் பைபாஸில், மதியம் இரண்டரைக்கு.
டிக்கியில் ஐந்து லிட்டர் கேன் இரண்டு.
"ஒரு சொட்டு தரையில இல்லக்கா.
தெனமும் அரை லிட்டர் குடிக்கி.
எங்க போவுதுன்னுதான் தெரியல."

நாகர்கோவிலில் ஒருவர்
தலையைக் கழற்றணும் என்றாராம்.
எஞ்சின் தலை. நாற்பத்தைந்தாயிரம்.
சொல்லும்போது தன் தலையைத் தொட்டுக்கொண்டான்.

கேனை ஆட்டிப் பார்த்தேன். ராதாபுரம் போர்த்தண்ணி.
"இதையா ஊத்துத?"
பதில் இல்லை.
தொட்டியின் உள்சுவரில்
அலையடிக்கும் பாறைபோல வெள்ளை ஏறியிருந்தது.

பிரஷர் பம்பை மாட்டிப் பதினைந்துக்கு ஏற்றினேன்.
டீ வந்தது, ஆறியது,
முள் இருந்த இடத்திலேயே இருந்தது.
ரேடியேட்டர் சுத்தம். ஹோஸ் சுத்தம்.
புகையை நீல மருந்துக்குள் குமிழியிட விட்டேன்,
மஞ்சளானால் தலை போச்சு.
கஸ்பார் சிலுவை போட்டுக்கொண்டான்.
நீலம் நீலமாகவே நின்றது.
எனக்குத்தான் எரிச்சல்:
மஞ்சள் என்றால் வேலை தெரியும்.
நீலம் என்றால் இன்னும் தேடணும்.

"வள்ளத்துல ஓட்டைன்னா தண்ணி உள்ள வரும்,
கால் நனைஞ்சிரும்" என்றான்.
"இது வெளிய போவுது.
போனதுக்கு அடையாளமே வைக்கல."

சரி, ஓட்டு என்று பக்கத்தில் ஏறினேன்.
ஆடிக்காற்று. பணகுடி தாண்டும்வரை
காற்றாலைகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துச் சுழன்றன.
அந்தக் கூட்டத்தில் ஒன்று, உள்ளங்கையைவிடச் சின்னது,
எங்கள் பானெட்டுக்குள்ளும் இருந்தது,
எரிந்து முடிந்த புகை ஊத ஊத
நிமிடத்துக்கு லட்சம் சுற்று.
சூட்டு முள் நடுவை விட்டு நகரவில்லை.

பட்டறைக்குத் திரும்பி, சாவியை அணைத்து,
இறங்கி டீக்கடைப் பக்கம் நடந்தான்.
"நில்லு" என்றேன். எதற்கென்று எனக்கே தெரியாது.
பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு
ரெண்டு பேரும் சும்மா நின்றோம்.
விசிறி நின்றது.
இரும்பு டிக் டிக்கென்று ஆறத் தொடங்கியது.
நாலாவது நிமிடம் வாசம் வந்தது.
பாணி அடிபிடிக்கும்போது வருமே,
அதில் பாதி. மீதி மருந்துக்கடை.

டர்போவுக்குப் பின்னால், கை போகாத இடம்.
சின்னக் கண்ணாடியைக் கம்பியில் கட்டி நீட்டினேன்.
திரும்பு குழாயின் போல்ட்டைச் சுற்றி
இளஞ்சிவப்பாய் ஒரு பொருக்கு.
அதன் ஓரத்தில் ஒரு துளி
திரண்டது, தொங்கியது, இரும்பைத் தொட்டது,
ஸ்ஸ்.
இல்லை.

ஓடுகிற வரைக்கும் பம்பு தள்ளிக்கொண்டே இருக்கும்,
தண்ணீர் சூட்டைச் சுமந்துகொண்டே போகும்.
அணைத்ததும் தண்ணீர் நின்றுவிடுகிறது.
சூடு நிற்பதில்லை.

ஆறும்வரை காத்திருந்து கழற்றினேன்.
மெட்டி அளவு செம்பு வாஷர், ஒரு பக்கம் நசுங்கி.
கஸ்பார் அதை விரலால் தடவி
நாக்குக்குக் கொண்டுபோனான்.
கையைத் தட்டிவிட்டேன். "விஷம்லே."
"உப்பான்னு பாக்கத்தான்" என்றான்.

வாஷர் இரண்டு, எண்பது ரூபாய்.
கூலண்ட், கூலி தனி.
போர்த்தண்ணியை வேப்பமரத்துக்கு ஊற்றச் சொன்னேன்.
"மிதிச்சு வந்தா பட்டுன்னு அணைக்காத.
ரெண்டு நிமிசம் ஓடவிட்டு அணை."
"அந்த ரெண்டு நிமிசம் நான் என்னக்கா செய்ய?"
"சும்மா இரி."
சிரிப்பான் என்று நினைத்தேன்.
கடலை விட்டு நாலு வருஷம் ஆகிறது அவனுக்கு.
ராப்பகலாய்ச் சவாரி. ஏனென்று நான் கேட்டதில்லை.

சோதனைக்கு ஒரு சுற்றுப் போய்
எதிரே டீக்கடை முன்னால் நிறுத்தினான்.
எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.
ஸ்டியரிங்மேல் ரெண்டு கையும்.
ஸ்பானரைத் துடைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்,
ரெண்டு நிமிடம், மூன்று,
அப்புறம் அணைத்தான்.

இறங்கவில்லை.