ஆறே முக்கால் பஸ்

பழைய சாக்ஸுக்குள் ஒரு வர்க்கி,
கட்டிலடியில் இன்னொன்று.
சிரட்டையில் தயிர்சோறு அழுத்தி
ராத்திரியே ஃப்ரீசரில் வைத்தது,
நக்கி முடிக்கப் பத்து மணியாகும்.
ரேடியோவில் மலையாளச் செய்தி.
நேற்று ‘இங்கே வா’வுக்கு அசையாத சுக்கு
‘இவிடெ வா’ என்றதும் வந்தது.

வேலந்தாவளம் செக்போஸ்ட்டில்
பஸ் நிற்கும்போதெல்லாம்
ஜன்னல் கொக்கி போட்டேனா என்று
வயிற்றில் ஒரு இழுப்பு.

சாயங்காலம்
ஒரு சத்தமும் இல்லை என்கிறார்
கோடி வீட்டுச் சுலோசனா சேச்சி, பாராட்டாக.

கதவைத் திறந்தால்
சிரட்டைச் சோறு இளகி, எறும்பு.
சாக்ஸ் வைத்த இடத்திலேயே.
கதவோரத் தரை மட்டும்
ஒரு நாய் அளவுக்குச் சூடு.

பையை ஆணியில் மாட்டுகிறேன்.
அப்புறம்தான் அது
மூக்கைத் தரையில் வைத்து
தேட ஆரம்பிக்கிறது.