பதினெட்டாவது செல்

லா பிளாட்டாவில் தெருக்களுக்குப் பெயர் கிடையாது,
எண்தான்.
பனிக்கட்டிப் பெட்டியில் வந்த துணுக்குக்கும் எண்தான்:
நூற்று நாற்பத்தொன்று.
வால்வு மாற்றும்போது நறுக்கிய இதயக் காதின் நுனி,
ஒரு கொண்டைக்கடலை அளவு.
ஆண், ஐம்பத்தேழு, பஸ் ஓட்டுநர்.
பெயரின் மேல் கறுப்பு மை.

நொதியில் ஊறவைத்து மெல்ல ஆட்டினால்
தசை ஒன்றையொன்று விட்டுவிடும்.
உருண்டுபோனவை செத்தவை.
செங்கல்போல் நீண்டு
வரிவரியாய்க் கிடப்பவை மிச்சம்.
அவற்றுக்கும் கால்சியத்தைச் சொட்டுச் சொட்டாய்த்தான் காட்டவேண்டும்,
பட்டினி கிடந்தவனுக்குக் கஞ்சி ஊற்றுவதுபோல.

பிறகு இரண்டு கண்ணாடி இழைகள்.
முடியைவிட மெலிசு, முனையில் பசை.
ஒன்று அசையாது, மற்றது வளையும்.
வளைவை அளந்தால் விசை.
அவ்வளவுதான் என்று வகுப்பில் சொல்வார் ஒராசியோ.
அவர் ஒருநாளும் ஒட்டிப் பார்த்ததில்லை.

முதல் ஆறும் நழுவின.
ஏழாவது ஒட்டியது, ஒட்டியதும் செத்தது.
பதினொன்றாவதைக் கொன்றது என் தும்மல்.
தாழ்வாரத்தில் நின்று மாத்தே உறிஞ்சினேன்,
ஜூலைக் குளிர்,
வெளியே இலையில்லாத லிண்டன் மரங்கள்.
காவலாளி எவாரிஸ்தோ எட்டிப் பார்த்தார்:
"இன்னும் வீட்டுக்குப் போகலையா, நெலிதா?"

பதினெட்டாவது பிடித்துக்கொண்டது.

நொடிக்கொரு மின்தட்டு.
தட்டத் தட்டச் சுருங்கியது.
திரையில் வரிக்கும் வரிக்கும் நடுவே
இரண்டு மைக்ரான்கூட இல்லை.
இழையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தேன்.
என்னை இப்படி இழுத்தால் தளர்ந்திருப்பேன்.
அது
இன்னும் பலமாய்த் திருப்பி இழுத்தது.
மேலும் இழுத்தேன்.
மேலும் இழுத்தது.
பழைய சங்கதி, பாடப்புத்தகத்தில் படமே உண்டு.
ஆனாலும் நரம்பில்லை, ரத்தமில்லை,
தோள்கொடுக்க அக்கம்பக்கம் இல்லை.
தனியாய்த் தண்ணீரில் தொங்கிக்கொண்டு
என்னோடு கயிறிழுத்தது.

நாலு பத்துக்கு வரைபடம் நேர்கோடானது.
போயிற்று என்று குனிந்தேன்.
தட்டின் அடியில்
ஒரு முனை பிய்ந்து கிடந்து
சுருங்கி விரிந்துகொண்டிருந்தது, தாளம் தப்பாமல்.
கைவிட்டது என் பசை.

'முடிவுக்குக் காரணம்' என்ற கட்டத்தில்
'இழப்பு' என்று எழுதி, அடித்து,
'பசை' என்று எழுதினேன்.

மின்தட்டை நிறுத்தாமலே
கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்.
பாதியில் திரும்பி வந்து நிறுத்தினேன்.
விதி அது. மின்கட்டணமும் இருக்கிறது.

முதல் பஸ்.
ஓட்டுநர் ஒரு இளம்பெண், கொட்டாவி விட்டாள்.
பயண அட்டையைக் காட்டினேன்.
காட்டிவிட்டுப் பைக்குள் போடப் பார்த்தால்
விரலை விட்டு வரமாட்டேன் என்றது அட்டை.